மூன்று விரல் பிடி

என் புருஷனின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றும் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ்ஸுக்கு அடியில் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பார்க்கிற யாருக்கும் இது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அரசாங்கத்துக்குக் கண்ணால் பார்த்தால் போதாது, அளந்து பார்க்க வேண்டும். போன தடவை அளந்து பார்த்துவிட்டு முப்பத்தாறு சதவீதம் ஊனம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு வேண்டியது நாற்பது. நாற்பது போட்ட அட்டை இருந்தால் மாத உதவித்தொகைக்கு மனு போடலாம். அதைவிட முக்கியம், கம்பெனியில் சாம்சனை ஸ்டோரில் உட்கார்ந்த வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். சூப்பர்வைசர் இம்மானுவேல் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"நாப்பது போட்ட கார்டு கொண்டாந்தா நான் ஆபீஸ்ல பேசறேன் சாம்சன். இல்லாங்காட்டி இந்த மாசத்தோட சரி. கூட்டிப் பெருக்கறதுக்கு எத்தினி நாளைக்கு ஒரு ஆள வெச்சிக்கினு இருப்பாங்க?"

கும்மிடிப்பூண்டியில் பதினோரு வருஷம் பிரஸ் ஓட்டிய மனுஷன், இடது கையில் துடைப்பம் பிடித்துக் கம்பெனி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர், இவர் என்பதெல்லாம் எழுத்தில்தான். வீட்டில் நீ, வா, போதான். கோபம் வந்தால் யோவ். எனக்குக் கோபம் அடிக்கடி வரும். பின்னால் அது தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முப்பத்தாறு வந்த விதம்தான் விநோதம். கையில் பிடித்து அழுத்துகிற மாதிரி ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் வட்டத்துக்குள் முள் ஓடி, பிடியில் எத்தனை கிலோ பலம் என்று காட்டும். இடது கையால் சாம்சன் அழுத்தியபோது முப்பத்தெட்டு. வலது கையின் இரண்டே விரலால் அழுத்தியபோது முப்பத்தைந்து. பிடிமானம் நன்றாக உள்ளது என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்கள்.

"இன்னாத்துக்குய்யா அப்பிடி முக்கி அழுத்துன?" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "பயில்வான்னு பட்டம் குடுக்கப் போறாங்களா?"

"நான் அழுத்தவே இல்ல மெர்சி. சும்மா தொட்டுக்கினுதான் இருந்தேன். அதுவா ஓடுச்சு."

நான் நம்பவில்லை. டாக்டர் முன்னால் ஆம்பளை வீறாப்பு காட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மேல்முறையீடு செய்தோம். மறுபடி பரிசோதிக்கத் திருவள்ளூருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்தத் தடவை நானும் கூடவே உள்ளே போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் சாம்சனும் ஒரே மெஷினில்தான் வேலை பார்த்தோம். மிக்சிக்கு அடியில் வருகிற தகடு அடிக்கிற மெஷின். அவர் முன்னால் நின்று தகட்டை அச்சில் வைப்பார். நான் பக்கத்தில் நின்று வலது காலால் பெடலை மிதிப்பேன். வைக்கிற ஆளே மிதிக்க வேண்டும் என்பதுதான் முறை. இரண்டு பேர் நின்றால் வேலை வேகமாக ஓடும் என்பது கம்பெனியின் கணக்கு. கை உள்ளே இருந்தால் மெஷினைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு சென்சார் கண் இருந்தது, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். ஆகவே எங்களுக்குப் பாதுகாப்பு என்று இருந்தது ஒரே ஒரு சொல்தான். தகட்டை வைத்துக் கையை வெளியே எடுத்ததும் அவர் "உடு" என்பார். விடு என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் உடு என்றால் நான் மிதிப்பேன்.

ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் உடு. கொஞ்ச நாளில் காதுக்கும் காலுக்கும் நடுவில் மெர்சி என்று ஒருத்தி தேவைப்படவில்லை. எங்கள் வீடு எளாவூரில், செக்போஸ்டுக்குக் கொஞ்சம் தள்ளி. ரோட்டில் நடந்து போகும்போது யாராவது லாரிக்காரரைப் பார்த்து "வண்டிய உடு" என்று கத்தினால் என் வலது கால் தரையை ஒரு மிதி மிதிக்கும். எங்கள் பெண் சாராளுக்குப் பத்து வயது. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர் உடு என்றார், நான் மிதித்தேன், விரல்கள் உள்ளே இருந்தன. விசாரணையில் நான் அதைத்தான் சொன்னேன். சாம்சனும், "ஆமா சார், நான்தான் சிக்னல் குடுத்தேன், கைய எடுக்க மறந்துட்டேன்" என்று சொல்லி இடது பெருவிரல் ரேகை வைத்தார். சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், குளிக்கும்போது என் வலது கணுக்காலில் ஒரு தடத்தைப் பார்த்தேன். எலும்புக்குச் சற்று மேலே மூன்று கோடுகள். விரல் அகலத்தில், பக்கத்துப் பக்கத்தில், கன்றிச் சிவந்து கிடந்தன. செருப்பு வார் என்று நினைத்துச் செருப்பை மாற்றினேன். பிறகு வெறுங்காலோடு இருந்து பார்த்தேன். சிவப்பு நீலமாகும், நீலம் மஞ்சளாகும், ஆறிவிடும் போலிருக்கிறது என்று நினைக்கும்போது மறுநாள் காலையில் புதிதாகச் சிவந்திருக்கும். வலி இல்லை. சின்ன வயதுக் கொலுசைப் பெரியவளானபின் மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் இறுக்கம், அவ்வளவுதான். அதோடு நடந்து நடந்து எனக்கு லேசாகக் கால் தாங்குகிற பழக்கம் வந்துவிட்டது.

சாம்சன் அடிக்கடி, போன விரல்கள் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்வார். கட்டுப் போட்ட டாக்டரிடம் கேட்டதற்கு, கை கால் போனவர்கள் நிறையப் பேருக்கு அப்படித் தோன்றும், பயப்படாதீர்கள் என்றார். நானும் பயப்படவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சாம்சன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப இன்னா பண்ணுது அந்த வெரலுங்க?" என்று கேட்டேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"மடங்கிக்கினு கீது. எத்தையோ புடிச்சிக்கினு கீது."

"எத்த?"

அவர் யோசித்தார். "தெரியல. உருண்டையா கீது. உள்ள எலும்பு மாரி. சூடா கீது. நாடி துடிக்குது."

எனக்குக் கையில் மாவு ஒட்டியது ஒட்டியபடியே நின்றது. எழுந்து அடுப்பண்டை நாலு அடி வைத்தேன்.

"இப்ப நடக்குது," என்றார் சாம்சன், கண்ணைத் திறக்காமலே.

அதற்கப்புறம் அவரிடம் நான் அந்த விரல்களைப் பற்றிக் கேட்டதே இல்லை. என் காலை அவருக்குக் காட்டவும் இல்லை. வீட்டுக்குள்ளும் புடவையைத் தரை தொடத் தொடத்தான் கட்டினேன்.

பரிசோதனை நாளன்று சாராளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாஷ்டா கூடச் சாப்பிடாமல் கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். புடின்னு சொன்னா மெதுவா புடி, ஸ்பூன எடுன்னு சொன்னா கீழ போடு, பல்லக் கடிச்சிக்கினு வேல காட்டாத. சாம்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொய் சொல்லச் சொல்லவில்லை. இருக்கிற ஊனத்தை இருக்கிறபடி காட்டச் சொன்னேன். இல்லாத ஊனத்தைக் காட்டுகிறவர்கள் மத்தியில் இருக்கிறதைக் காட்டத் தெரியாத ஒரு புருஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நல்ல கூட்டம். எங்கள் டோக்கன் இருபத்து மூன்று. கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேர் கூப்பிடுகிற அம்மாவுக்குப் பூவம்மாள் என்று பேர். வந்தவர்களை எல்லாம் அவரே ஒரு தடவை தன் கண்ணால் பரிசோதித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். நான் கால் தாங்கி நடப்பதைப் பார்த்து, "இன்னா பொண்ணு, மனு உனக்கா அவருக்கா?" என்றார்.

"அவருக்குத்தான்கா."

"உனக்கும் ஒண்ணு போட்டு வையி. காலு சரியில்லியே."

சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் புடவைக் கரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டாக்டர் சுமலதா இருந்தார். சின்ன வயசு, அலுப்பில்லாத முகம். பழைய சான்றிதழைப் புரட்டிவிட்டு, "இந்தக் கையில முப்பத்தஞ்சு கிலோன்னு எழுதியிருக்கு. அதை என்னால நம்ப முடியல. இன்னிக்கு முதல்லேர்ந்து பார்த்துடலாம்," என்றார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

அவர் பொறுமையாகப் பார்த்தார். கட்டைவிரலை மடக்கி, கோணம் அளக்கிற ஸ்கேலை வைத்து அளந்தார். மேஜையில் இருந்த நாணயத்தை எடுக்கச் சொன்னார், சாம்சனால் முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், முடியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கச் சொன்னார், பாதியில் நழுவியது. டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

சாம்சன் கட்டைவிரலை ஒரு பக்கமும் சுண்டுவிரலை மறுபக்கமும் கொடுத்து அதைப் பிடித்தார். நடுவில் கைப்பிடியின் கறுப்பு ரப்பர் வெறுமனே தெரிந்தது.

"பிடிங்க," என்றார் டாக்டர்.

அந்த நொடியில் என் கணுக்காலை எதுவோ விட்டது.

ரத்தம் சரசரவென்று பாதத்துக்கு இறங்கியது. மரத்துப்போன கால் விழித்துக்கொள்ளும்போது குத்துமே, அப்படி ஊசி ஊசியாகக் குத்தியது. போன பரிசோதனை அன்றைக்கு ஒரு நிமிஷம் கால் லேசானதுபோல் தோன்றியதைத் தவிர, இத்தனை மாதத்தில் அந்த இறுக்கம் இல்லாமல் இருந்ததே இல்லை. எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றிருப்பேன். டாக்டர் 'ம்' என்று இழுத்தது கேட்டுக் கண்ணைத் திறந்தேன்.

முள் பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. சாம்சன் முகத்தில் கஷ்டப்படுகிற அடையாளமே இல்லை. கட்டைவிரல் நகம் வெளுக்கக்கூட இல்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தார். டாக்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் கைப்பிடியை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். யாருடைய விரலும் படாத அந்த ரப்பரில் மூன்று பள்ளங்கள் இருந்தன. சப்பாத்தி மாவில் விரலை வைத்து அழுத்தினாற்போல, பக்கத்துப் பக்கத்தில். நான் பார்க்கப் பார்க்கவே அவை ஆழமாயின.

முள் முப்பத்தைந்தில் நின்றது.

"சரி, போதும். விடுங்க," என்றார் டாக்டர்.

முள் இறங்கவில்லை. "விடுங்க சார், போதும்."

"நான் உட்டுட்டேன் டாக்டர்," என்றார் சாம்சன். அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தே விட்டார். மெஷின் கீழே விழவில்லை. அவர் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் நின்றிருந்த பூவம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. ஆளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்கச் சொன்னார்: "யோவ், டாக்டரம்மா சொல்றது கேக்கலியா? உடு."

என் வலது கால் மிதித்தது.

நான் மிதிக்கவில்லை, கால்தான் மிதித்தது. மேஜைமேல் இருந்த பேனா உருண்டது. அதே நேரத்தில் சாம்சன் அலறிக்கொண்டு கையை மார்போடு இழுத்துக்கொண்டார். மெஷின் தரையில் விழுந்து அதன் கண்ணாடி விரிசல் விட்டது. என் கணுக்காலில் மூன்று விரல்களும் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டன. முன்பைவிட இறுக்கமாக.

சாம்சன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் குனிந்து மெஷினை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "இதுலதான் ஏதோ கோளாறு. முள் சிக்கிக்குது. போன தடவையும் இதையேதான் வச்சுப் பார்த்திருப்பாங்க. பூவம்மா, பிசியோதெரபியில இன்னொண்ணு இருக்கும், வாங்கிட்டு வாங்க. நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க. கையை மடக்காம வச்சிருங்க சார்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே வேப்பமரத்தடியில் ஒரு தகப்பன் நடக்க முடியாத மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். சாம்சன் கையை மடக்காமல் தொடைமேல் வைத்திருந்தார். பேசாவிட்டால் புது மெஷினிலும் முப்பத்தைந்துதான் வரும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

விரல் போன அன்றைக்கு நடந்தது இதுதான். சாராளை ஆவடிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்ப்பதற்குச் சாம்சன் என்னைக் கேட்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் எனக்கு விஷயம் தெரிந்தது. மெஷினில் நின்றபடி, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெத்தவ ஒருத்தி கீறேன்ல, யாரக் கேட்டு கையெழுத்து போட்ட, எந்தக் கையால போட்ட. அந்தக் கடைசி வார்த்தையையும் கேட்டேன். அப்போது ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. அவர் விரலால் அதை நேராக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், அலுத்துப்போன குரலில், "உடு, மெர்சி," என்றார்.

பேச்சை விடு என்று. எல்லாப் புருஷன்மாரும் சொல்வதுதான்.

"அது பெடலுக்குச் சொன்ன உடு இல்ல," என்றேன், பெஞ்சைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்," என்றார்.

"எனக்கும் தெரியும்யா. பெடலுக்குச் சொல்றப்ப நீ எம்பேரு சொல்ல மாட்ட."

"காலு முந்திக்கிச்சு. அவ்ளோதான மெர்சி?" அவர் கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல் இருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். விசாரணையில் சொன்னேன், சர்ச்சில் மண்டியிட்டும் சொன்னேன். ஆனால் கணுக்காலில் நாடி துடித்துக்கொண்டிருந்தது, அந்தத் துடிப்பை இன்னொருத்தர் கை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபின் பொய் வரவில்லை.

"தெரியலய்யா. கோவம் இருந்துச்சு. பேரு காதுல வுழறதுக்கு முன்னாடி மிதிச்சேனா, வுழுந்தப்புறம் மிதிச்சேனா, அதுதான் தெரியல. தெனம் அதையே ரோசன பண்ணிக்கினு கீறேன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பெஞ்சின் மேல் வைத்துப் புடவையை ஒரு சாண் தூக்கினேன்.

மூன்று கோடுகளும் ரத்தச் சிவப்பாக இருந்தன.

சாம்சன் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைக் கொண்டுவந்து என் கணுக்கால்மேல் வைத்தார். கட்டைவிரல் எலும்புக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. சுண்டுவிரல் மூன்று கோடுகளுக்குக் கீழே, நாலாவது கோடு இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. நடுவில் இடைவெளி இல்லை. ஒரு முழுக் கை என் காலைப் பிடித்திருந்தது.

"இதான்," என்றார். "இந்தச் சூடுதான் மெர்சி." கையை எடுத்துக்கொண்டு வேட்டியில் துடைத்தார், எதிலோ பட்டுவிட்டது போல.

"உள்ள வாங்க," என்று பூவம்மாள் கூப்பிட்டார்.

புது மெஷின் பளபளவென்று இருந்தது. சாம்சன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலையும் கொடுத்துப் பிடித்தார். என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. ஆனால் நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் 'பி' என்று வாயைத் திறக்கும்போதே கணுக்காலில் பிடி தளர்ந்தது. முதல் விரல் எழும்பியது. ரத்தம் இறங்கப் பார்த்தது. மறுபடி அந்தச் சுகம் வருகிறது என்று தெரிந்ததும் உடம்பு அதற்கு ஏங்கியதே, அதை எப்படிச் சொல்வேன். ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும், என் கால் எனக்குக் கிடைத்துவிடும். முப்பத்தாறு முப்பத்தாறாகவே இருக்கும்.

செருப்பு வாரைச் சரி செய்கிறவள் போலக் குனிந்தேன். கணுக்காலைச் சுற்றி என் கையை வைத்து மூடிக்கொண்டேன். உள்ளே எதுவோ அசைந்தது, விடுபடப் பார்க்கிற கோழியின் கால் மாதிரி.

"போகாத," என்று வாய்க்குள் சொன்னேன். "நான்தான் மிதிச்சேன். இங்கியே இரு. புடிச்சிக்கோ. உடாத."

எழும்பிய விரல் திரும்ப உட்கார்ந்தது. பிறகு மூன்றும் சேர்ந்து இறுக்கின. பதினான்கு மாதமாக இல்லாத வலி அப்போதுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏழு," என்றார் டாக்டர். "இன்னொரு தடவை. ம், ஏழு. கடைசியா ஒரு தடவை. ஆறரை."

மெஷினை வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். "வேணும்னே மெதுவாப் பிடிக்கிறவங்களுக்கு மூணு தடவையும் ஒரே மாதிரி வராது. இது சரியா இருக்கு. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்." கூட்டிக் கழித்துப் பார்த்து, "நாற்பத்து நாலு வருது," என்றார்.

சாம்சன் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிமிர்ந்து நின்றேன். நிற்கும்போது வலது கால் ஊன்றவில்லை, மேஜை விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்குக் கால்ல என்ன?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். மரத்துப்போச்சு."

"காட்டுங்க பார்க்கலாம்."

"வேணாம் டாக்டர். நேரமாச்சு, பஸ்ஸுக்குப் போவணும்."

அவர் வற்புறுத்தவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, "இது அஞ்சு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடி வந்து காட்டணும்," என்று சொல்லிக் கொடுத்தார். கதவைத் தாண்டும்போது பூவம்மாள் எழுந்து எனக்கு வழிவிட்டார். அதுவரைக்கும் யாருக்கும் அவர் எழுந்து வழிவிட்டு நான் பார்க்கவில்லை.

பெரியபாளையம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாம்சன் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடிமேல் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்ட வயல்களும் அடுத்தடுத்துக் கம்பெனிச் சுவர்களும் போய்க்கொண்டிருந்தன. நாளைக்கே இம்மானுவேலிடம் காட்டலாம், திங்கட்கிழமை ஸ்டோரில் உட்காரலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்படிப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கால்தான் நெருப்பாக எரிந்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"அஞ்சு வருஷம் பொறுத்துக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு அஞ்சு."

அவர் மடிமேல் இருந்த உறையைப் பார்த்தபடி இருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அவர் திரும்பிப் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. "நான் மிதிச்சிருக்கக் கூடாதுய்யா," என்றேன். "எம்பேரு என் காதுல வுழுந்துச்சு. இப்ப ஞாபகம் வருது. வுழுந்தப்புறம்தான் மிதிச்சேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் வலது கையின் இரண்டு விரலாலும் என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. ஏழு கிலோகூட இருக்காது.

"உடு, மெர்சி," என்றார்.

மன்னித்துத்தான் சொன்னார். குரலிலேயே அது தெரிந்தது. என் வலது தொடை வெட்டி இழுத்தது. முழங்கால் எழும்பப் பார்த்தது. பாதம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூன்று விரல்கள் அதைப் பிடித்திருந்தன.